ஓடை பார்க்கும் காளியாயி

பால்மாவைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே காளியாயியின் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். கரண்டி கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்; கண் ஓடையில் இருக்கும். கடைசிக் கட்டி கரைவதற்குள் இரண்டு தடவை பார்த்திருப்பாள். பிறகு ஒரு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை போய், ஓடையில் ஐந்து கல்லும் தெரிகின்றனவா என்று எண்ணிவிட்டு வந்து அடுத்த கோப்பையை எடுப்பாள். காலை ஏழரைக்குத் தொடங்கும் இந்த நடை மாலை நாலரைக்குத்தான் ஓயும்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். தேயிலை நட்ட சரிவு ஒவ்வொன்றையும் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வது. பிள்ளைக்காம்பரா ஓடைக்கு இந்தப் பக்கம். ஏழாம் நம்பர் மலை அந்தப் பக்கம். பால்குடிப் பிள்ளைகளின் தாய்மார் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஓடையின் ஐந்து கற்களில் கால் வைத்து வந்தால் ஐந்து நிமிடம். இரும்புப் பாலத்தைச் சுற்றி வந்தால் அரை மணிக்கும் மேல். பதினொரு மணிக்குப் பயமில்லை. மூன்று மணிதான் காளியாயியின் மணி.

சித்திரை, வைகாசியில் காலை வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருக்கும். இரண்டு மணி தாண்டினால் மேல் டிவிஷன் உச்சியில் இடி உறுமும். மழை அங்கே கொட்டும். இங்கே குழந்தைகளின் துணி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே பெய்த தண்ணீர், மண் கரையாமலிருக்கத் தேயிலைக்கு நடுவே வெட்டிய கான்களில் இறங்கி ஓடைக்கு வந்துவிட்டால், ஐந்து கல்லும் மூழ்குவதற்கு ஐந்து நிமிடம்கூட எடுக்காது.

மழைகளுக்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள். நாள் பூராவும் நசநசவென்று தூறுவது கணக்கப்பிள்ளை மழை. சத்தம் போட்டு மிரட்டிவிட்டு நாலு துளியோடு ஓடிவிடுவது கங்காணி மழை. எங்கேயோ இருந்துகொண்டு இங்கே ஆளை நடுங்கவைப்பது தொரை மழை. “தொரை மழைக்குத்தான் பயப்படணும். மூஞ்சியக் காட்டாது” என்பாள். வானொலியில் மலையகத்தின் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை என்று வாசித்தால் பெட்டியை முறைத்துப் பார்ப்பாள். “சில பகுதியாம். எந்தப் பகுதின்னு சொன்னா வாய் வலிச்சிருமா அவனுக்கு?”

அவளுக்கு உதவியாகக் கஞ்சி காய்ச்சும் அழகம்மாவுக்கு வலது முழங்கால் மடங்காது. தொண்ணூற்று மூன்றில் கொழுந்து நிறுக்கக் கூடையோடு ஓடையைக் கடந்தபோது வந்த வெள்ளம் செய்த வேலை அது. கரையோர வேரொன்றைப் பிடித்துத் தப்பினாள். “கூடை போச்சு, பன்னெண்டு கிலோ கொழுந்து போச்சு, முட்டியும் போச்சு. வாய் மட்டும் தப்பிச்சிருச்சு” என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்த வாரமே காளியாயி, பிள்ளைக்காம்பராவுக்கென்று வந்திருந்த கம்பளிகளில் நல்ல சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டாள். வெள்ளம் வருமென்று பட்டால் அதை வாசல் கம்பியில் விரித்துவிடுவாள். ஏழாம் நம்பரில் எந்த மூலையில் நின்றாலும் அது தெரியும். கம்பளி தொங்கினால் கல்லில் கால் வைக்கக் கூடாது, பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் அதை யாரும் மீறியதில்லை.

வெள்ளம் வருமென்று எப்படித் தெரியும்? முதலில் இரண்டாம் கல்லில் சுண்ணாம்பால் மூன்று கோடு இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழிந்ததைத் திரும்பப் பூசினாள். ஒரு பருவம் பார்த்த பிறகு, தண்ணீர் கோட்டைத் தொட்டபின் கம்பளி போட்டுப் பயனில்லை என்று கண்டுகொண்டாள். தண்ணீருக்கு முன்னால் வருவது எது என்று தேடினாள். அகப்பட்டது மிலாறு. கவ்வாத்து வெட்டும்போது செடியிலிருந்து விழும் தேயிலைக் குச்சிக்குத்தான் அந்தப் பெயர். மேலே கான் நிரம்பி வழிந்தால், அதற்குள் கிடக்கும் மிலாறு முதலில் ஓடைக்கு வந்து சேரும். வெள்ளம் அதன் பின்னால் வரும். ஏழு வருடமாக இந்தக் கணக்கு அவளை ஏமாற்றியதில்லை.

இரண்டாயிரத்தொன்றில் ஏமாற்றியது. சித்திரை வருசப்பிறப்பு கழிந்த முதல் வாரத்தில் மூன்று தடவை ஓடையில் மிலாறு வந்தது. மூன்று தடவையும் கம்பளி ஏறியது. மூன்று தடவையும் பெண்கள் வேர்க்க விறுவிறுக்கப் பாலத்தைச் சுற்றி வந்தார்கள். ஓடையில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. மாலையில் கொழுந்து குறைந்து அவர்கள் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

மூன்றாம் தடவை, தோட்டத்து மேற்பார்வை அதிகாரியான கண்டாக்கு செல்வரத்தினம் நேரில் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், வயல் வேலையெல்லாம் எப்படியோ, மலை வேலையை முறையாகப் படித்தவர். கோபத்திலும் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். வெயிலில் சிவப்பாகத் தொங்கிய கம்பளியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு பொட்டு முகிலைக் காணேல்லை. உமக்கு மட்டும் எங்கயிருந்து வெள்ளம் வருது?”

“வானத்தப் பாக்காதீங்க ஐயா. தண்ணியப் பாருங்க.”

“தண்ணியையும் பாத்தனான். இன்னொருக்கால் இப்பிடி நடந்தா கம்பளியைக் கொண்டுபோய்க் கந்தோரில வச்சிடுவன்.”

கந்தோர் என்ற தோட்ட அலுவலகத்தைக் காட்டி அவர் ஏசியது காளியாயிக்கு உறைக்கவில்லை. பாலத்தைச் சுற்றி வந்து நின்ற பெண்கள் சிரித்ததுதான் உறைத்தது. அவர்களுக்குள்ளே ரஜனி என்றொரு பெண், நாலு மாதத் தலைப்பிள்ளைக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்கிறவள் நாளைக்குக் கம்பளியைப் பார்த்துக்கொண்டே கல்லில் கால் வைப்பாள். அதை நினைத்தால் காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. அழகம்மா வேறு, “இனிமே ஒன் கம்பளியப் பாத்து மாடுகூட மெரளாதுடி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் செல்லசாமியைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாகவே மேல் டிவிஷனுக்கு ஏறினாள். இரண்டு மைல் ஏறியதும் விஷயம் விளங்கியது. அந்த வாரம்தான் அங்கே ஓடைக்கரை மலையில் கவ்வாத்து தொடங்கியிருக்கிறார்கள். வெட்டிய குச்சி நேரே தண்ணீரில் விழுந்து மிதந்திருக்கிறது. கீழே இருப்பவளுக்கு யார் சொல்வது?

வேறொருத்தியாக இருந்தால் குற்றம் தன்மேல் இல்லை என்ற நிம்மதியோடு இறங்கி வந்திருப்பாள். காளியாயி, புதிதாக வெட்டிய குச்சியில் ஒரு கட்டும், கானுக்குள் பழையதாகக் கிடந்த குச்சியில் ஒரு கட்டும் கட்டிக்கொண்டு வந்து வீட்டுத் தொட்டியில் ஊறப்போட்டாள். “குழம்பு வைக்கிறதுக்கு வேற ஒண்ணும் அம்புடலியா?” என்று செல்லசாமி கேட்டார். மூன்று நாள் விடிந்ததும் கிளறிப் பார்த்தாள். புதியது ஊறினாலும் வெட்டுவாய் வெள்ளையாகவே இருந்தது, இலை உதிரவில்லை. பழையது கறுத்து, இலையில்லாமல், புல்லும் சேறும் பின்னிக் கற்றையாகக் கிடந்தது. கழுவினாலும் சேறு போகவில்லை. ஆக, வெள்ளை வாய்க் குச்சி கத்தியால் வந்தது. கறுப்புக் கற்றை தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்தது.

அதோடு விடவில்லை. வெசாக் விடுமுறைக்குச் செல்லசாமியை மறுபடி மேலே அனுப்பினாள். அவருடைய கைக்கடிகாரத்தையும் பிள்ளைக்காம்பராச் சுவர்க் கடிகாரத்தையும் ஒன்றாகத் திருப்பிவைத்து, சரியாகப் பத்து மணிக்குச் சிவப்பு நூல் கட்டிய பத்துக் குச்சிகளை ஓடையில் போடச் சொன்னாள். கீழே கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்பது வந்தன. முதலாவது வர முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. “அந்தப் பத்தாவது எங்க போச்சு?” என்று அன்று இரவுவரை செல்லசாமியைத் துளைத்தெடுத்தாளாம்.

அடுத்த வியாழக்கிழமை. மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. நல்ல வெயில். மேலே இடி கேட்டதாகவும் இல்லை. காற்று மாறி அடித்தது. ஓடையில் வெள்ளை வாய்க் குச்சிகள் இரண்டு மூன்று போயின. காளியாயி கம்பளியைத் தொடவில்லை. பிறகு, மூன்றாம் கல்லில் ஒரு கற்றை வந்து தட்டி நின்றது.

இறங்கிப்போய் எடுத்தாள். கறுப்பு. ஒன்றே ஒன்று. ஒடித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், விரலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துப் பார்த்தாள். ஓடையின் மேற்புறத்தைப் பார்த்து இன்னொன்று வராதா என்று நின்றாள். வரவில்லை. ஒரு கற்றையை நம்பிக் கம்பளி போட்டு அதுவும் பொய்த்தால் கம்பளி கந்தோருக்குப் போய்விடும். அதன்பிறகு உண்மையாகவே வெள்ளம் வரும் நாளில் யாருக்கும் சொல்ல வழியிருக்காது.

மேலே வந்து கம்பளியை விரித்தாள்.

அக்கரையில் நாலு தாய்மார் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் நின்று, ஏதோ முணுமுணுத்து, பாலத்துப் பாதையில் திரும்பினார்கள். ரஜனி திரும்பவில்லை. அவளுடைய பையன் அன்றைக்குப் பார்த்துத் தொட்டிலில் வீரிட்டுக்கொண்டிருந்தான். போத்தல் பாலை வாயில் வைத்தாலே துப்புகிறவன். அந்த அழுகை ஓடைக்கு அப்பாலும் கேட்டது. ரஜனி நேரே கற்களை நோக்கி வந்தாள்.

காளியாயி, அழுகை வெளியே கேட்காதபடி ஜன்னல்களைச் சாத்த அழகம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள். ரஜனி கடைசிக் கல்லில் கால் வைக்கும்போது இவள் இந்தப் பக்கத்து முதல் கல்லில் ஏறி, கறுப்புக் கற்றையைக் கையில் பிடித்தபடி வழியை மறித்து நின்றாள்.

“வழிய விடுங்கக்கா. புள்ள கத்துறான்.”

“கத்தட்டும்டி. நாளைக்கும் கத்துறதுக்கு ஆத்தா வேணுமில்ல.”

“எங்கக்கா வெள்ளம்? நீங்களே பாருங்க, கல்லெல்லாம் காஞ்சு கெடக்கு.”

பேச்சுக் குரல் கேட்டு, நிறுவைக் கொட்டிலிலிருந்து செல்வரத்தினம் இறங்கி வந்து ரஜனிக்குப் பின்னால் நின்றார். இந்தமுறை அவர் வானத்தைப் பார்க்கவில்லை. காளியாயி கையில் பிடித்திருந்த கறுப்புக் கற்றையைப் பார்த்தார். சிவப்பு நூல் குச்சிகளின் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“எத்தினை நிமிஷம்?” என்றார்.

குச்சி வர முப்பத்தைந்து நிமிடமென்றால், அதன் பின்னால் வெள்ளம் வர அதில் பாதி என்று பிடித்து, கற்றை வந்ததிலிருந்து போன நேரத்தையும் கழித்தாள். “பத்து நிமிசம் ஐயா. வரலேன்னா நானே கம்பளிய மடிச்சு ஒங்க கையில குடுத்துர்றேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம் பாப்பம். பிள்ளை, நீர் பாலத்தால போம்.”

ரஜனிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்டாக்கு சொன்ன பிறகு எதிர்த்துப் பேச முடியாது. இரண்டு பேரையும் பாராமல் திரும்பி, பாலத்துப் பாதையில் ஏறக்குறைய ஓடினாள்.

காளியாயி கரைக்கு ஏறி நின்றாள். அவர் அந்தக் கரையில், இவள் இந்தக் கரையில். எட்டு நிமிடம் போயிற்று. பத்தும் போயிற்று. பதினோராம் நிமிடத்தில் அவர் கையை இறக்கிவிட்டு, ஏசுவதற்கா சமாதானம் சொல்வதற்கா என்று தெரியாதபடி வாயைத் திறந்தார். அப்போதுதான் மேலே, பாரம் ஏற்றிய லொறி மேடு ஏறுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வளைவில் குச்சியும் குப்பையும் ஒரு சுவராகத் திரண்டு வந்தன. பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். காளியாயி எண்ணிக்கொண்டு நிற்கும்போதே ஐந்தாம் கல், நாலாம் கல் என்று போய், எண்ண ஒன்றும் இல்லாமல் போனது. செல்வரத்தினம் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து தேயிலைக்குள் ஏறிவிட்டார். அங்கிருந்து கையை வாயருகே வைத்து ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. சொன்னது கேட்காவிட்டாலும் காளியாயி தலையாட்டினாள்.

“காலையிலேயே முட்டி வலிக்குதுன்னு சொன்னேன். யாரு கேட்டா?” என்றாள் அழகம்மா, வெள்ளத்தைத் தானே வரவழைத்தவளைப் போல.

மூன்று தாய்மார் முதலில் வந்து சேர்ந்தார்கள். பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்ததைப் பற்றி ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். ரஜனி கடைசியாக வந்தாள். சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். இரண்டு விக்கலில் அவன் அழுகை அடங்கியது. அந்த அறையில் அதன்பிறகு பால் குடிக்கும் சத்தம்தான்.

பாலத்துப் பாதைப் புல்லில் நடந்து வந்ததில் அவள் குதிகாலில் அட்டை ஏறியிருந்தது. அவள் கவனிக்கவில்லை. காளியாயி சவர்க்காரத் துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு வந்து, முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்தாள். வயதில் மூத்தவள் காலைத் தொடுகிறாளே என்று ரஜனி பதறி இழுத்துக்கொண்டாள். காளியாயி கெண்டைக்காலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, காலைத் திரும்ப இழுத்துத் தன் மடியில் வைத்து, சவர்க்காரத்தைத் தேய்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. இரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

ரஜனி பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மற்றக் காலையும் மெல்ல அவள் பக்கம் நீட்டினாள்.