திரியாயிலிருந்து வந்த அரிசி

ஒன்பது வயதில் எனக்குப் பேய் பிசாசுகளில் பயம் இருந்ததில்லை. எண்ணெய் விற்கும் நாடுகளை நினைத்துத்தான் பயம். அதற்குக் காரணம் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து இறங்கும் சாமான்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. பாலையூற்றில் ஒரே வீட்டில் அம்மா, நான், மாமா, மாமி எல்லாரும் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். ஆகவே எங்கள் வீட்டில் உலகத்தைப் பற்றிய பொறுப்பு முழுவதும் மாமாவிடம் இருந்தது. முன்னறைச் சுவரில் பெரிய உலகப்படம் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். பின்னேரம் வேலையால் வந்து, கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, வானொலியில் செய்தி கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டுப் படத்துக்கு முன்னால் நிறுத்துவார்.

"கோதுமை ஆரிட்ட இருந்து வாங்கிறம்?"

"அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா."

"அரிசி?"

"பர்மா, தாய்லாந்து, சீனா. சீனாவுக்கு நாங்கள் றப்பர் குடுப்பம்."

பிழையாகச் சொன்னால் அடிக்கமாட்டார். மிகவும் கவலைப்படுவார். அது அடியைவிடக் கஷ்டமாக இருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அதுவரைக்கும் படத்தில் இருந்த நாடுகள் படத்திலேயே இருந்தன. அந்த வருடம் அவை இறங்கி எங்கள் குசினிக்குள், அடுப்படிவரைக்கும், வரத் தொடங்கின. எண்ணெய் நாடுகள் ஒன்றுசேர்ந்து விலையை ஏற்றிவிட்டன என்று மாமா சொன்னார். "எண்ணெய் விலை ஏறினால் கப்பல் கூலி ஏறும். கப்பல் கூலி ஏறினால் கோதுமை மா விலை ஏறும். அங்கால ரஷ்யாவில விளைச்சல் பிழைச்சு, அவங்கள் அமெரிக்காவின்ர கோதுமையை அள்ளிக்கொண்டு போட்டாங்கள். எங்கட தேயிலைக்கு மட்டும் விலை ஏறேல்ல. அப்ப நாங்கள் எதைக் குடுத்து எதை வாங்கிறது?"

இந்தக் கேள்வியை அவர் அம்மாவிடம் கேட்டார், மாமியிடம் கேட்டார், ஒருவரும் இல்லாதபோது என்னிடமும் கேட்டார். படத்தில் மஞ்சள் நிறமாக இருந்த பாலைவனத்தில் ஒரு மனிதன் குழாயின் திருகில் கைவைத்துக்கொண்டு எங்கள் வீட்டையே பார்த்தபடி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவன் திருகினால் பேக்கரியில் வாங்கும் எங்கள் பாண் சின்னதாகிவிடும். அவனுக்கு என்ன கோபம், நாங்கள் அவனுக்கு என்ன செய்தோம் என்பதுதான் விளங்கவில்லை.

பாண் உண்மையிலேயே சின்னதாகியது. பிறகு அதற்கும் வரிசையில் நிற்கவேண்டி வந்தது. கூப்பனுக்கு அரசாங்கம் தரும் அரிசி குறைந்தது. சீனி போய்ப் பனங்கட்டி வந்தது. நாளும் பொழுதும் மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி போனால் நஞ்சாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆகவே நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் முதலில் மணந்து பார்ப்பேன். மா ஏற்றிய கப்பல் ஒன்று வருகிறது, வருகிறது என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்த் துறைமுகத்தைக் காட்டினார். அவ்வளவு பெரிய தண்ணீர்ப்பரப்பில் ஒரு கப்பல்கூட இல்லை. தூரத்தில் சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருப்பது எனக்குத் தெரியும்.

"மாமா, எங்களிட்ட எண்ணெய் இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"தாங்கி இருக்குது. எண்ணெய் இல்லை," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்வரை நான் அவருடைய சேட்டுத் துணியைப் பிடித்த கையை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்குத் தம்பி பிறந்தான். அவன் நாள் முழுவதும் அழுதான். அம்மாவுக்குப் பால் காணாது, பிள்ளைக்குப் போதவில்லை என்று மருத்துவிச்சி சொன்னா. "சரக்குக் கறியும் நல்ல ஊர் அரிசிச் சோறும் குடுங்கோ. கிழங்கைக் குடுத்தால் எங்கயிருந்து பால் வரும்?" என்றா. நல்ல அரிசி கடையில் இல்லை. விளைகிற இடத்தில் இருந்தது. ஆனால் கொஞ்சத்துக்கு மேல் நெல்லையோ அரிசியையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டம். வெளியிலிருந்து வாங்கக் காசில்லாத அரசாங்கம் உள்ளூர் நெல் முழுவதையும் தானே வாங்கிப் பங்கிட வேண்டியிருக்கிறது என்று மாமா விளக்கினார். அவர் சட்டத்தின் பக்கம். அரசாங்க வேலை வேறு. பிடிபட்டால் வேலை போய்விடும், மறியலிலும் அடைப்பார்கள் என்றார். சொல்லிவிட்டுத் தம்பி அழும் சத்தத்தைக் கேட்டபடி படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மாமியின் ஊர் திரியாய். அங்கே அவவின் அக்காவுக்கு வயல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மாமா வேலைக்குப் போனபின், பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குத் துணைக்கு விட்டுவிட்டு, மாமி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினா. அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் புறப்படும்போது அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவனம்" என்று சொன்ன விதத்திலேயே அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரியாயில் சோறு தந்தார்கள். நீண்டநாளைக்குப் பிறகு சோறு. நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியின் அக்கா பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, உள்ளே தையல் போட்டு அகலமான பையாகச் செய்துகொண்டிருந்தா.

"வயித்தில கட்டினால் ஆரும் தொடமாட்டாங்கள். பிள்ளைத்தாச்சியெண்டு விட்டிடுவாங்கள்," என்றா.

"எனக்கு ஏலாது," என்றா மாமி.

"ஏன் ஏலாது? அம்மாளாச்சி பிழை பிடிக்கமாட்டா."

மாமி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "சரி, கட்டுங்கோ" என்றா.

பச்சைப்பெருமாள் அரிசியை நிரப்பி, வயிற்றோடு வைத்து, முதுகுப்பக்கம் இறுக்கி முடிந்தார்கள். மேலே அக்காவின் தொளதொளத்த சட்டை, சீலை. மாமி திரும்பி நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது. காலையில் என்னோடு வந்த மாமி இல்லை அவ. நடையே மாறிவிட்டது. பாரத்துக்காக ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டா.

"ஆர் என்ன கேட்டாலும் நீ வாய் திறக்காதை பிள்ளை," என்று வழி நெடுக எனக்குச் சொன்னா.

பஸ்ஸில் ஏறியதும் ஆட்கள் எழும்பி இடம் விட்டார்கள். கொண்டக்டர்கூட அதட்டவில்லை. குச்சவெளியில் ஒரு முஸ்லிம் பெண் கருவாட்டுக் கூடையோடு ஏறி எங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தா. என் அம்மாவைவிட வயது கூட. மாமியை மேலும் கீழும் பார்த்தா.

"எத்தின மாசம் மகள்?"

"ஏழு," என்றா மாமி.

"தலப்புள்ளயா?"

"ஓம்."

"இந்தக் குலுக்கல்ல வரலாமா? வயித்துக்குக் கையக் குடுத்துக்குங்க."

மாமி கையை வைத்துக்கொண்டா. அவவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மாமா மாமிக்குக் கலியாணமாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய அறையில் அலுமாரி இல்லை என்பதுபோல அதுவும் எனக்கு ஒரு விஷயம், அவ்வளவுதான். மாமி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய் சொன்னதால் வந்த பயம் என்று நினைத்து அவவோடு ஒட்டிக்கொண்டேன்.

இறக்கக்கண்டிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது பஸ் வேகம் குறைந்தது. வீதிக்குக் குறுக்கே கம்பு போட்டிருந்தது. பொலிஸ் நின்றது. முன்னால் நின்ற வானிலிருந்து இறக்கிய சாக்கு ஒன்று வீதியோரம் கிடந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு மாமாவின் நினைவு வந்தது. மாமாவும் இப்படித்தான் குந்தியிருப்பார், எங்களால்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். மாமியின் காலடியில் அரிசி. ஒன்று இரண்டாகச் சீலைக்குள்ளிருந்து விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ தையல் விட்டுவிட்டது. சிவந்த அரிசி, பஸ்ஸின் கறுத்த தரையில் பளிச்சென்று தெரிந்தது. மாமி அதைக் காணவில்லை. வாய் திறக்காதை என்று சொல்லியிருந்தபடியால் எனக்கு அதைச் சொல்லவும் வழியில்லை. நான் பார்த்த இடத்தை எதிர்ப்பக்கத்துப் பெண்ணும் பார்த்தா. கருவாட்டுக் கூடையைக் காலால் தள்ளி மாமியின் காலடியில், அரிசிக்கு மேல், வைத்தா.

பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். நரைத்த மீசை. சீற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பைகளைத் திறக்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்து நின்று மாமியைப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சி ஐயா. அவவ எறக்காதீங்க," என்றா அந்தப் பெண்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். பல்லோடு பல் அடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏன் பயம்? பள்ளிக்கூடம் போறதா?" சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

தலையாட்டினேன்.

"என்ன பாடம் நல்லாத் தெரியும்?"

மாமியின் விரல்கள் என் தொடையை அழுத்தின. பேசாதே என்கிறாவா, பேசு என்கிறாவா, தெரியவில்லை. "பொது அறிவு," என்றேன்.

"ஆ, பொது அறிவு. அப்ப சொல்லு பாக்க, அரிசி எங்க இருந்து வாறது?"

அவர் எல்லாம் கண்டுவிட்டார் என்றே நினைத்தேன். கூடைக்குக் கீழே இருப்பதையும் மாமியின் சீலைக்குள் இருப்பதையும். திரியாய் என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் முன்னறைச் சுவர்ப்படம் தெரிந்தது.

"பர்மா, தாய்லாந்து, சீனா. சீனாவுக்கு நாங்கள் றப்பர் குடுப்பம். கோதுமை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா. எண்ணெய் விலை ஏறினால் கப்பல் கூலி ஏறும். எங்கட தேயிலைக்கு விலை ஏறேல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பொலிஸ்காரரும் சிரித்தார். கீழே நின்ற மற்றவருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எங்கட நாட்டில விளையிறது இல்லையா?" என்று கேட்டார்.

"விளையுது ஐயா," என்றேன். "காணாது."

அது மாமாவின் சொல். மருத்துவிச்சியின் சொல்லும் அதுதான். அந்த வருடம் பெரியவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்," என்றார் பொலிஸ்காரர் மெல்ல. "காணாது."

வேறொன்றும் கேட்காமல் இறங்கிப்போய்க் கம்பைத் தூக்கச் சொன்னார்.

நிலாவெளியில் அந்தப் பெண் கூடையைத் தூக்கினா. குனிந்து அரிசியைக் கையால் கூட்டி அள்ளி, மாமியின் உள்ளங்கையில் வைத்து மூடினா. "நல்லபடியாப் பெத்தெடுங்க மகள்," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய்விட்டா. அரிசியைக் கண்ட பிறகும் ஏன் அப்படிச் சொன்னா என்று எனக்கு விளங்கவில்லை. மாமி கையை மூடியபடியே வீடுவரைக்கும் வந்தா.

வீட்டில் தம்பி அழுதுகொண்டிருந்தான். எனக்கு உடனே எல்லாவற்றையும் அம்மாவுக்குக் காட்டவேண்டும். மாமி முன்னறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டா.

"அவிழுங்கோவன் மாமி."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

உள்ளே அடுப்பு மூட்டியாகிவிட்டது. தண்ணீர் கொதித்தது. மாமி எழும்பவில்லை. ஒரு கை வயிற்றுக்குக் கீழே, மற்றக் கை மேலே. தம்பி அழுத சத்தம் வந்தபோதெல்லாம் மேலே இருந்த கை மெல்ல அசைந்தது. இன்னும் பஸ்ஸில் இருக்கிற மாதிரி ஏன் இருக்கிறா என்று நினைத்தேன்.

மாமா சைக்கிளைச் சாத்திவிட்டு வாசற்படியில் கால் வைத்தார். மாமியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. நான் முன்பும் பின்பும் காணாத வெளிச்சம். பிறகு சட்டைக்குக் கீழே தொங்கிய வேட்டித் துண்டின் நுனியைப் பார்த்தார் போல. வெளிச்சம் போய்விட்டது.

சட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. மாமிக்குப் பின்னால் போய் நிலத்தில் முழங்காலிட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிப்போய் இருந்தது. நெடுநேரம் எடுத்தது. மாமி அழுதுகொண்டிருந்தா, சத்தமில்லாமல். அவிழ்ந்ததும் மாமா பையை இரண்டு கையாலும் தாங்கி எடுத்துச் சுளகில் மெதுவாக வைத்தார். அதன் பிறகும் எழும்பாமல் மாமியின் கதிரையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். செய்தி நேரம் வந்து போனது. வானொலியை ஒருவரும் திருப்பவில்லை.

அவர்களைத் தேற்றவேண்டியது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது. கிட்டப்போய் மாமாவின் தோளில் கைவைத்துச் சொன்னேன்:

"பயப்படாதேங்கோ மாமா. பொலிஸ் எங்களை விட்டிட்டுது."

அன்றைக்கு எனக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான்.