ரோசியஸுக்குச் சின்ன எழுத்து

1991-இல் தாவரவியல் பட்டம் வாங்கிய கையோடு, மண்ணூர்ப் பக்கம் இருந்த ஒரு மூலிகை ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே மேனேஜர் என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இங்க சேஃபா இருக்கும்மா" என்றார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

வேலை நடந்தது ஒரு நீளமான ஷெட்டில். காய்ந்த நிலவாகை இலையின் தூசி எப்போதும் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ஷிப்ட் தொடங்கியதும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுவார். சாயங்காலம் வரை யாரும் வெளியே போக முடியாது.

மூன்றாவது மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூட்டை அட்டைகளில் தாவரப் பெயர்கள் தப்பாக இருக்கின்றன, திருத்தாவிட்டால் அடுத்த சரக்கை எடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை பேக்கிங் பெண்கள்தான் மார்க்கர் பேனாவால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரே நீளக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

நித்யகல்யாணி மூட்டையின் அட்டையை எடுத்துக் காட்டிச் சொன்னேன். "கத்தராந்தஸ் ரோசியஸ், சார். முதல் வார்த்தை பேரினம், அதுக்கு முதல் எழுத்து மட்டும் பெரிசு. ரெண்டாவது சிற்றினம், முழுக்கச் சின்ன எழுத்துதான். அச்சுல சாய்வெழுத்து. கையால எழுதினா ரெண்டு வார்த்தைக்கும் தனித்தனியா அடிக்கோடு. பின்னாடி பேர் வெச்சவரோட சுருக்கம் வந்தா, அதுக்குக் கோடு கிடையாது."

"ஏம்மா, பேருக்குப் போய் சின்ன எழுத்தா?"

"அதுதான் விதி சார். ஊர் பேர்ல இருந்து வந்த வார்த்தையா இருந்தாலும் ரெண்டாவது சின்ன எழுத்துதான்."

நான்கு நாள் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் நானே புதிதாக எழுதினேன். சரக்கு போய்ச் சேர்ந்தது, குறை எதுவும் வரவில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் பி.எட். சேர்க்கைக்கு அழைப்பு வந்தது. டீச்சர் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. நேரில் ஒரிஜினல்களைக் காட்டினால்தான் இடம். மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"நீ போயிட்டா இந்தப் பேரெல்லாம் யாரு எழுதுவா? ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்" என்றார். அவர் கண் பீரோவின் பக்கம் போய்த் திரும்பியது. நான் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "பெரிய இடம்மா, பகைச்சுக்காதே" என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. எனக்குப் பதிலாக இன்னொருவர் எழுதினால் என்னை விட்டுவிடுவார்கள். பேக்கிங்கில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா இருந்தார். ஆங்கில எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் அட்டையும் பேனாவும் கொடுத்தேன்.

"நடுவுல கோட்ட ஏம்மா விடணும்? இஸ்துகினே போனா வேலை சீக்கிரம் முடியுமே?"

"ரெண்டும் தனித்தனி வார்த்தைக்கா. ஒண்ணு குடும்பப் பேர் மாதிரி, ஒண்ணு அதோட சொந்தப் பேர்."

"அப்ப சொந்தப் பேருக்குத்தான் சின்ன எழுத்தா? நல்லா கீது ஞாயம்" என்று சிரித்தார்.

பத்தே நாளில் அவர் கை என் கையைவிட நேராக எழுதியது. அவர் எழுதிய அட்டைகளை மேனேஜரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பேஷ்! ஆர்டர் ஜாஸ்தியாகுது. இனிமே ரெண்டு பேரும் எழுதுங்க."

சேர்க்கை நாளன்று வேலைக்குத்தான் போனேன். கல்லூரியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றிய நேரத்தில், ரோசியஸ் என்பதற்கு வேண்டுமென்றே பெரிய ஆர் போட்டேன். இன்னொரு அட்டையிலும் போட்டேன். தப்பு வந்தால் துரத்திவிடுவார்கள், அப்படியாவது போய்விடலாம் என்று மனது கணக்குப் போட்டது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பெரிய ஆர் போட்டுக்கீறே?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் கஷ்டம் புரியுது. ஆனா என் எழுத்தும் இதே மூட்டைங்கள்ல கீது. உன்னை அனுப்புவாங்களோ இல்லியோ, என்னை அனுப்பிடுவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

இரண்டு அட்டைகளையும் கிழித்துப் போட்டுவிட்டுத் திருத்தமாக எழுதினேன். பெயர்களைச் சரியாக எழுதிக் காட்டித்தான் இந்த ஷெட்டில் மாட்டிக்கொண்டேன். இப்போது தப்பாக எழுதவும் வழியில்லை. தூசியால் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு அன்று முழுக்க முகம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து மேனேஜர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம், மூன்று நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் பீரோவைத் திறந்து, தேடி, என் கவரை எடுத்து நீட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதையா இங்க வெச்சிருந்தீங்க? முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார்.

சந்தோஷம் வரவில்லை. அந்தப் பூட்டை அவ்வளவு பெரிதாக நம்பிய என் மேல்தான் கோபம் வந்தது. மேனேஜரிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன். மறு தடவை கேட்கவே இல்லை.

அந்த வருஷமே பி.எட். சேர்ந்தேன், டீச்சரும் ஆனேன். பெயர் எழுதும் வேலை முழுவதும் அக்காவிடம் போனது. சில வருஷம் கழித்துக் குன்றத்தூர் கோயில் படியில் அவரைப் பார்த்தபோது, கம்பெனிப் பதிவேட்டில் தன் வேலையை இன்னும் பேக்கிங் என்றுதான் போட்டிருக்கிறார்கள் என்றார். பையிலிருந்த வாழைப்பழத்தில் ஒரு சீப்பை எடுத்து அவர் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.