சிவபாலன் சேர் தேடிய தப்புக்காரர்

சிவபாலன் சேர் போய்விட்டார் என்று பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நிவித்திகலவிலிருந்து இரத்தினபுரிக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். "என்னங்க டீச்சர், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். முதலில் எனக்கு வந்தது துக்கமல்ல, நிம்மதி. இனி யாரும் என்னிடம் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை அது இருந்தது. அதன் பிறகுதான் அழுதேன். சேரை அறிந்த உங்களுக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வருவதோ வேறாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணிதம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர் சேர். கொடகவெலச் சந்தையில் அவர் வாங்கிய பழைய கசெட் பிளேயருக்குள் பெயர் எழுதாத கசெட் ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு பாட்டு. அதை ஒரு நாள் இடைவேளையில் ஆசிரியர் அறையில் போட்டார். தகரத்தில் மழை விழும் சத்தம். தனியாக ஒரு தப்பு மேளம். அப்புறம் கிட்டார், ஆர்மோனியம், "பால் வெட்டப் போறவளே, பைய நட புள்ள" என்று ஓர் ஆண் குரல். நடுவில் எங்கோ ஒரு சிறுபிள்ளையின் இருமல்.

"உந்த அடி என்ன டீச்சர்? எங்கடை ஊர்ப் பறை மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், "அது சாவு வீட்டுல அடிக்கிறதுங்க சேர்!" என்று ஒருவர் சொல்ல, அறையே சிரித்தது. அன்று சிரித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அது சாவு வீட்டு அடி அல்ல. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் விடியலில் ஆட்களை வேலைக்குக் கூட்ட அடிக்கும் பெரட்டுத் தப்பு. எங்கள் தோட்டத்தில் அதை அடித்தவர், அடித்து முடித்து, கொஞ்சம் விட்டு, கடைசியில் தனியாக ஒரு தட்டுத் தட்டுவார். எப்போதும் பிந்தி வரும் தன் மனைவிக்காக. "ஒனக்குத்தான் அந்தக் கடேசித் தட்டு, வெரசா வா" என்பார். அந்த மனைவி என் அம்மா. கசெட்டில் கிட்டார் தொடங்குமுன் அந்த ஒற்றைத் தட்டு விழுந்தபோதே அடிப்பது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தோட்டத்தில் கங்காணி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். என் கலியாணப் பேச்சிலும் அப்படித்தான். தப்படிப்பவரின் மகள் என்று தெரிந்தால் அந்த அறையில் எனக்குத் தேநீர் நீட்டும் கைகள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேர் அந்தப் பாட்டை முகநூலில் ஏற்றி, "இவர்கள் யார்? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கனடாவில் ஒருவர் இரைச்சலைக் குறைத்து அனுப்பினார். இன்னொருவர் மழைச் சத்தத்தை வைத்து அது மண்டபம் அல்ல, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் என்று கண்டுபிடித்தார். சரிதான், எங்கள் மடுவம்தான். சனிக்கிழமைகளில் சேர் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் வயதானவர்களுக்குப் போட்டுக் காட்டினார். "எல்லாருக்கும் பேர் இருக்கும் டீச்சர். கேட்க ஆள் இல்லாமல்தான் அது துலைஞ்சு போறது" என்பார். அவருடைய கேள்விக்குக் கீழே வந்த முதல் பதில் என்னுடையது: "முயற்சி தொடர வாழ்த்துகள் சேர்." இப்போதும் அது அங்கே கிடக்கிறது.

ஒரு நாள், "உங்கடை தோட்டத்துக்கும் ஒருக்காப் போவமே?" என்று கேட்டார். லயத்து வீடுகளையெல்லாம் உடைத்துவிட்டார்கள், பழைய ஆட்கள் யாரும் இல்லை என்றேன். லயங்கள் அப்படியேதான் இருந்தன, ஆர்மோனியம் வாசித்த ராமையா மாமா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அதோடு விட்டேனா? கிட்டார் அடிப்பதைக் கேட்டால் எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக் கலியாண வீட்டுக் குழு மாதிரி இருக்கிறது சேர் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

முழங்கால் வலியோடு எம்பிலிப்பிட்டியவுக்கு பஸ் ஏறிப் போனார். சந்தை முழுக்கச் சிங்களத்தில் விசாரித்தாராம். திங்கட்கிழமை காலை, நொண்டிக்கொண்டே ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசையில் ஒரு சட்டி எருமைத் தயிரை வைத்தார். "உங்களுக்குத்தான். நீங்கள் சொன்னது பிழையாய் இராது. நான்தான் சரியான ஆளைப் பிடிக்கேல்லை" என்றார். அந்தத் தயிரை என் பிள்ளைகள் பாணி ஊற்றிச் சாப்பிட்டார்கள். நான் ஒரு கரண்டிகூடத் தொடவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்தன. ராமையா மாமாவும் இடையில் காலமாகிவிட்டார். நான் சொல்லவில்லை.

அந்தத் தப்புக்காரரைப் பற்றி மட்டும் சேர் அலுக்காமல் பேசுவார். "இந்த மனிசன் இல்லாட்டி இந்தப் பாட்டு எழும்பியே நிண்டிராது. இவருக்கு முன்னாலை இருந்து ஒருக்கா இதைப் போட்டுக் காட்ட வேணும்." அப்பா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். ஆனால் தன் அப்பாவை இப்படி மதித்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்த மகள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு, அந்தக் கசெட்டையும் ஒரு சி.ஆர். கொப்பியையும் என் கையில் தந்தார். "இவர் உங்களட்டைக் குடுக்கச் சொன்னவர். 'கடைசிவரைக்கும் என்னோடை சேர்ந்து தேடினது டீச்சர் ஒராள்தான், அவா விடமாட்டா' எண்டு சொல்லுவார்." நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முடியும்வரை கேட்டார். பிறகு, "எனக்கு என்னத்துக்குச் சொல்லுறியள், அவர் கேட்ட கொப்பியிலை எழுதுங்கோ" என்றார். கையை மட்டும் விடுவித்துக்கொண்டார்.

தயிர்ச் சட்டி என் சமையலறை அலுமாரித் தட்டில் இருக்கிறது. கொப்பி இப்போது முன்னால் விரிந்திருக்கிறது. முதல் பக்கத்தில் சேரின் சாய்ந்த எழுத்தில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நேரே இடம் விட்டு. இதை எழுதத் தொடங்குமுன் அவற்றை நிரப்பினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

குழு: கீழ் டிவிஷன் மியூசிக் பார்ட்டி. பாடியவர்: பால் வெட்டும் செல்லையா. ஆர்மோனியம்: ராமையா. கிட்டார்: லொறி டிரைவர் சோமே மாமா, சிங்களவர். இருமும் பிள்ளை: நான். எனக்கு அப்போது ஆறு வயது.

முதல் கேள்விக்கான பதிலைக் கடைசியில்தான் எழுத முடிந்தது. அதன் கீழே மட்டும் சேர் இரண்டு கோடு இழுத்திருந்தார். தப்பு அடிப்பவர்: மாரிமுத்து. என் அப்பா. அவர் ஒரு நாளும் கங்காணியாக இருந்ததில்லை, சேர்.