தெங்கிரிக்குப் போன படகு

கிள்ளான் துறைமுகத்தின் கிரேன்கள் மறுபடி கண்ணில் படுகின்றன. விடியலில் தெங்கிரி மீன் பிடிக்கப் போன நான் கெளுத்திகளோடு திரும்புகிறேன். படகோட்டி காதர் அண்ணன் குறட்டால் அவற்றின் முள்ளை ஒடிக்கிறார்.

“உங்க அப்பாவும் இப்படித்தான் லா. இருந்தவரைக்கும் தெங்கிரி தெங்கிரின்னு ஏறுவாரு, கெளுத்தியோட எறங்குவாரு.”

“அவரு கெளுத்திக்குத்தானே வருவாருண்ணே?”

“யாரு சொன்னா?”

அப்பாதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்து, “தேடிப் போனதே கெடச்சிருச்சு” என்பார். அம்மா உடனே புளியை ஊறப்போடுவார். அவர் தெங்கிரிக்குப் போனதாக எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

கரை நெருங்கியதும் மகள் போனில் அழைக்கிறாள்.

“என்ன மீன்ப்பா?”

காதர் அண்ணன் என்னையே பார்க்கிறார்.

“கெளுத்திம்மா. தேடிப் போனதே கெடச்சிருச்சு.”