இறக்கிய கொடி

அன்று டீக்கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். கடைக்காரர், ஆட்டோ ஓட்டும் அண்ணன், எங்கள் டீமின் கோல்கீப்பர், தபால்காரர், மீன் விற்கும் அக்கா, நான். எங்கே போனாலும் முதலில் ஆட்களை எண்ணுவது என் வழக்கம். எத்தனை பேர், யார் வாசல் பக்கம், வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். எட்டாவதோடு படிப்பை விட்டதும் இந்த மாதிரி ஒரு பயத்தால்தான். கணக்கு வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று தினமும் கடைசி பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருப்பேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று நான் உட்கார்ந்த இடத்தில் வழி இல்லை. ஒரு பக்கம் அக்காவின் மீன் கூடை, மறுபக்கம் கோல்கீப்பரின் முழங்கால்.

எண்பதுகளின் கடைசி அது. நான் தாம்பரத்தில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு, ஆனாலும் மேட்ச் இருந்தால் சனிக்கிழமை மத்தியானமே ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன். செம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் டீமுக்கும் அஸ்தினாபுரத்து டீமுக்கும் அன்று பந்து மேட்ச். இரண்டு டீமும் பாதிப் பாதி காசு போட்டு ஒரு புதுப் பந்து வாங்கி வைப்பார்கள், ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். தோற்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் தப்பால் கோல் விழுந்ததோ, டீமின் பாதிக் காசை அவர்தான் கட்டவேண்டும். அது யார் என்பதை மேட்ச் முடிந்ததும் டீக்கடையில் பேசித் தீர்ப்பார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றிருந்தோம். கோல் போட்டவன் அவர்களுடைய லெப்ட் விங்கர். ஒல்லியான ஆள். பந்து காலுக்கு வந்ததும் ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுவான். நம்மைத் தாண்டிவிட்டான் என்பது அவன் தாண்டிய பிறகுதான் தெரியும். முந்தின வாரம் வண்டலூர்க்காரர்கள் மேல் மூன்று கோல் போட்டிருந்தான். அவனைத் தடுக்கவேண்டியவர் எங்கள் ரைட் ஃபுல் பேக். மீன்கார அக்காவின் தம்பி, எனக்கு இரண்டு வயது மூத்தவர். விடியற்காலையில் கோவளம் பக்கம் மீன் வண்டி ஓட்டிப் போய்ச் சரக்கு எடுத்து வந்து அக்காவுக்கு இறக்கிக் கொடுத்துவிட்டு, மாலையில் பந்து ஆடுவார். மேட்ச் முடிந்ததும் இரவல் பூட்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அவர் இல்லாதபோதே பேச்சு தொடங்கிவிட்டது.

"அக்கா, கோச்சுக்காத. நான் கண்ணால பாத்தேன்" என்றார் ஆட்டோ அண்ணன். "அவன் பந்த தள்ளிகினு போறான், உன் தம்பி இன்னாடான்னா கைய தூக்கிகினு நிக்கிறான், பஸ்ஸ நிறுத்துற மாதிரி."

"இவரு பஸ்ஸ நிறுத்திட்டாரு. அது என் மேல வந்து ஏறிச்சு" என்றார் கோல்கீப்பர்.

கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எழுவது நிமிஷம் அவன ஆட வுட்டானா என் தம்பி? அத சொல்லு மொதல்ல."

"ஃபர்ஸ்ட் ஆஃப்லயே ரெண்டு வாட்டி தாண்டிகினு போனான்க்கா."

"ரெண்டு வாட்டியும் வெளி ஓரமாத்தான் விட்டார்" என்று தபால்காரர் குறுக்கிட்டார். அவர் சைக்கிளிலேயே வந்து எல்லா மேட்சையும் பார்ப்பவர், நிதானமாகப் பேசுவார். "உள்ள திரும்ப விடல. அங்கேருந்து பந்த தூக்கிப் போட்டா தலையால முட்ட அவங்ககிட்ட உயரமான ஆளே இல்ல. அது தெரிஞ்சு விட்டது. அதுதான்பா ஃபுல் பேக் வேலை."

"கிட்ட போய் முட்டணும் சார். மூணு அடி தள்ளி நின்னா அவன் டான்ஸு ஆடுவான்" என்றார் கோல்கீப்பர்.

"கிட்ட போனா ஒரே தட்டுல போயிடுவான். அவன் வேகம் தெரியுமில்ல?"

இதெல்லாம் வழக்கமான பேச்சு. வேறு நாளாக இருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் அன்று அந்தப் பேச்சில் பந்துக்கான பாதிக் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கால்பந்து டீம் வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுபவர்களுக்கு உள்ளே வேலையும் உண்டு. அந்த டீமைப் பார்த்துக்கொள்ளும் சாரைத் தபால்காரர்தான் சொல்லிச் சொல்லி அன்று அழைத்து வந்திருந்தார். அவர் மேட்ச் முடிந்ததும் ரயிலுக்குப் போய்விட்டார்.

"போறப்ப என்ன சொன்னார் தெரியுமாம்மா?" என்று தபால்காரர் அக்காவிடம் சொன்னார். "'பையன் நல்லா ஆடுறான். ஆனா கடைசியில ஏன் நின்னான்னு விசாரிங்க. காரணம் இருந்தா திங்கக்கிழமை காலையில ஃபேக்டரிக்கு அனுப்புங்க. பாதி ஓட்டத்துல நிக்கிற ஆள்னா வேணாம்'னார்."

"காரணம் இல்லாமலா நிப்பான்? விடிகாலைலேர்ந்து கூட கூடயா தூக்குறவன்பா அவன்" என்றார் அக்கா. அவர் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

எங்கள் மேட்சுகளில் ரெஃப்ரி மட்டும்தான் வெளியாள். லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்க ஒவ்வொரு டீமும் ஓர் ஆளைத் தரவேண்டும். ஆடத் தெரியாதவன், ஆனால் எல்லா மேட்சுக்கும் வருபவன் என்பதால் எங்கள் டீம் என்னைக் கொடுத்திருந்தது. மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிய கொடி. கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும். பந்தை அவர்கள் ஆள் உதைத்தபோது விங்கர் எங்கள் ஃபுல் பேக்கைத் தாண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். சந்தேகமே இல்லாத ஆஃப்சைடு, அப்படி நின்று வாங்கும் பந்தில் கோல் செல்லாது. கொடியைத் தூக்கினேன். ஃபுல் பேக் அதைப் பார்த்தார். கையை உயர்த்தி ரெஃப்ரிக்குக் காட்டிவிட்டு நின்றார்.

அதே நேரம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "எறக்குடா கொடிய. வூடு போய் சேர மாட்ட." திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கையில் ஏதாவது இருந்ததா, அவன் ஒருவனா பத்துப் பேரா, எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கை தானாக இறங்கிவிட்டது. ரெஃப்ரி என் பக்கம் திரும்பியபோது கொடி தொடையோடு ஒட்டியிருந்தது. எல்லோருடைய கண்ணும் பந்தின் மேல். ஆடியவர்களில் கொடி ஏறியதைப் பார்த்தவர் ஃபுல் பேக் ஒருவர்தான்.

நடந்ததைச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். முந்தின வருஷம் எங்களுக்குக் கொடி பிடித்தவர் எதிர் டீமிடம் காசு வாங்கிவிட்டார் என்று பேச்சு வந்தது. எங்கள் ஆட்கள் அவரை ஏரிக்கரை வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்கள். வாங்கினாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அடித்தவர்களில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பரும் ஒருவர். தூக்கிய கொடியை இறக்கினேன் என்று சொன்னால், பயத்தில் இறக்கினேன் என்பதை அவர் நம்புவாரா?

"இருங்க, போட்டே பாத்துடுவோம்" என்று தபால்காரர் பெஞ்சின் மேல் மைதானம் போட ஆரம்பித்தார். காலி டீ கிளாஸ் ஃபுல் பேக். விங்கருக்கு ஒரு மசால்வடை. சர்க்கரை டப்பாவை எடுத்துக் கோல்கீப்பர் என்று வைத்தார்.

"நான் அவ்ளோ குண்டா சார்?"

"பந்து இங்கேருந்து வருது. வடை எங்க நின்னுது?"

ஆட்டோ அண்ணன் வடையைக் கிளாஸுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளி வைத்தார். தபால்காரர் குனிந்து பார்த்தார். பிறகு ஆட்டோ அண்ணனிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"லைன்ஸ்மேன்" என்றார். "நீதானேப்பா?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் கை முந்தானையை முறுக்குவதை நிறுத்திவிட்டது.

"வடை முன்னாடி நிக்குதே. நீ கொடி தூக்கலியா?"

கோல்கீப்பரின் முழங்கால் என் தொடையில் பட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல சார். பின்னாலதான் இருந்தான்" என்றேன். என் விரலாலேயே வடையைப் பின்னால் இழுத்துக் கிளாஸுக்குப் பின்பக்கமாக ஒட்டி வைத்தேன்.

அப்போதுதான் ஃபுல் பேக் வந்தார். வெறுங்கால், ஈரக் கைலி. எல்லோரும் ஏன் இப்படிக் குனிந்திருக்கிறோம் என்று எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எது? கிளாஸா?"

"ஏன்டா நின்ன?" என்றார் கோல்கீப்பர்.

"யோசிச்சுச் சொல்லுப்பா" என்ற தபால்காரர், சார் சொல்லிவிட்டுப் போனதை அவருக்கும் சொன்னார். "உன் வேலையே இதுலதான் இருக்கு."

அவர் தீப்பெட்டியைப் பார்த்தார். கிளாஸோடு ஒட்டியிருந்த வடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கேள்வி மாதிரி ஒன்று. நீ சொல்கிறாயா என்று கேட்கிற மாதிரி. நான் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையில் ஐந்து சங்கரா மீன் மீதி இருந்தது. அதையும் எண்ணினேன்.

"மூச்சு வாங்கிச்சு சார்" என்றார்.

"மூச்சா? உனுக்கா?" என்றார் அக்கா.

ஃபுல் பேக் விங்கரைக் கையில் எடுத்துக் கடித்தார். "இவன இப்பதான் புடிக்க முடிஞ்சுது."

ஆட்டோ அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். தீர்ப்பு முடிந்தது. பந்து நூற்று முப்பது ரூபாய், அதில் பாதி அறுபத்தைந்து. தம்பியிடம் அவ்வளவு இல்லை. அக்கா சுருக்குப் பையை அவிழ்த்து, ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெஞ்சின் மேல் வைத்தார்.

மறுநாள் காலை தபால்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பம்பைக் கீழே வைக்கவே இல்லை.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நாளைக்கு அவனோட போய் அந்த சார்கிட்ட சொல்லு."

ஃபுல் பேக்கிடம் போய்ச் சொன்னபோது அவர் "சரி, வா" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் நின்றோம். காவலாளி இரண்டு முறை என் பெயரைக் கேட்டார். இரண்டாவது முறை ஃபுல் பேக்தான் சொன்னார். சார் வெளியே வந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டார்.

"கொடி தூக்கினேன் சார். ஆஃப்சைடு சார். அப்புறம் எறக்கிட்டேன்."

"ஏன்?"

"பயம் சார்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் பார்க்கவே இல்லை. ஃபுல் பேக்கிடம் திரும்பினார்.

"விசில் வந்துதா?"

"வரல சார்."

"விசில் வராம என் டீம்ல யாரும் நிக்க மாட்டாங்க. கொடி காத்துலகூட ஆடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜி.எஸ்.டி. ரோடு வழியாக நடந்தே திரும்பினோம். அடிக்கப் போகிறார், இதோ இப்போது அடிக்கப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்னாலேயே நடந்தேன். சானடோரியம் தாண்டிய பிறகு அவர் கேட்டார்.

"ரெண்டு அடி முன்னாடி நின்னான் இல்ல?"

"மூணு அடிண்ணா."

"அதான் பாத்தேன்" என்றார்.

அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. வேறு டீமும் கூப்பிடவில்லை. மீன் வண்டியே ஓட்டினார். அவர் ஏன் நின்றார் என்ற பேச்சு மட்டும் தொண்ணூறுகளிலும் டீக்கடையில் ஓயவில்லை. புதிதாக யாராவது வந்தால் ஆட்டோ அண்ணன் கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்திக் காட்டுவார். தபால்காரர் என்னைப் பார்ப்பார். நான் எழுந்து கை கழுவப் போவேன்.

டயர் கடைச் சம்பளத்தில் சேர்த்து, அன்று அக்கா கட்டிய காசை எடுத்துக்கொண்டு மூன்று தடவை ஃபுல் பேக் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று தடவையும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்.

"இங்க வேணாம். டீக்கடைல, எல்லார் முன்னாடியும் குடு. வாங்கிக்கறேன்."

அந்த ஆறு பேரில் இப்போதும் அங்கே வருபவர்கள் மூன்று பேர். கோல்கீப்பர் அவர்களில் ஒருவர். மாலையில் அந்தப் பக்கம் போனால் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று ஆட்களை எண்ணுவேன். எண்ணிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பாக்கி, அறுபத்தைந்து ரூபாய்.