காட்டிக்கொடுக்க மறுத்த மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணமான புதிது. அறுபதுகளின் தொடக்கம். நான் திண்டிவனத்தில் டீச்சர், அவர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். மாற்றல் கிடைக்கும்வரை நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். சனிக்கிழமை மதியம் பாசஞ்சரில் அவர் வந்துவிடுவார். வந்து கைகால் கழுவியதும் மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை ஆரம்பிக்கும். சொத்துச் சண்டை இல்லை, வேதச் சண்டை.

அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். இரட்சிப்பு யார் யாருக்கு என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் முன்குறித்துவிட்டார், அதில் மனுஷன் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. இவர் வளர்ந்த சபை வேறு மிஷன். கிருபை எல்லோருக்கும் உண்டு, ஏற்பதும் தள்ளுவதும் அவனவன் சுயசித்தம் என்பார்.

"ரயில் எல்லாருக்கும்தான் வருது மாமா. ஏறுறது நம்ம காலு."

"அந்தக் காலைக் குடுத்தது யாரு மாப்ளே?"

"குடுத்தவரே நடந்து காட்டமாட்டாரே மாமா."

அம்மா நடுவில் புகுந்து மீன் சட்டியை வைப்பாள். "ரெண்டு பேருக்கும் இன்னைக்கு மீன் குழம்புதான் முன்குறிச்சிருக்கு. தலை யாருக்குன்றது மட்டும் உங்க சுயசித்தம்." உடனே இரண்டு கைகளும் ஒரே தலைக்கு நீளும்.

ஒரு சனிக்கிழமை டீக்கடையில் அரட்டையடித்து ரயிலை விட்டுவிட்டுப் பொழுதுசாய வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்றேன். "உங்கப்பாவைக் கேளு. உலகம் உண்டாகும் முன்னயே தீர்மானமானதாம்."

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலத்தில், ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைச் சபையில் நாடகமாகப் போட முடிவானது. எழுதியவர் போதகர். ஆண்டவர் வேஷத்தை யாரும் கட்டக்கூடாது, வெள்ளைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரட்டும் என்றுவிட்டார். அப்பா, காசு கொடுத்து ஆண்டவரைப் பிடிக்கவைக்கும் பிரதான ஆசாரியர். காட்டிக்கொடுக்கிற சீஷன் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. "எங்க மாப்பிள்ளை இருக்காரு. அவருக்குன்னே ஏற்பட்ட வேஷம்" என்றார் அப்பா. இவர் மறுபேச்சில்லாமல் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. சபையார் தவிர, சுற்றுவட்டத்து விவசாயக் குடும்பங்களும் எங்கள் ஊர் வேர்க்கடலையான மல்லாட்டையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் பக்கத்துத் திரை மறைவில் வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். ஊதா ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு வந்த அப்பா, வெள்ளிக்காசு என்று சோடா மூடிகள் நிரப்பிய பையைக் குலுக்கி நீட்டினார். இவர் கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை.

"கையை நீட்டுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"வேணாங்க ஐயா. யோசிச்சுப் பார்த்தேன், மனசு வரலை" என்றார் மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

அப்பா திகைத்தார். ஆனாலும் வேஷம் கலையாமல், "இது ஆதியிலேயே தீர்மானமானது, வாங்கு!" என்று அதட்டினார்.

"அப்போ என்மேல குத்தம் ஏது? தீர்மானம் பண்ணவரைக் கேளுங்க."

முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்துவிட்டாள். "நல்ல புள்ளப்பா நீ! வாங்காதே!" கூட்டம் கைதட்டியது. போதகர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடி வந்தார்.

அப்பாவுக்கு வசனம் மறந்தே போனது. "மாப்ளே, பேஜாரு பண்ணாதீங்க!" என்று கத்திவிட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமனாரு குடுக்கும்போதே வாங்கிக்க சாமி! அப்புறம் இதுவும் கிடைக்காது!"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. திரைக்குப் பின்னால் ஆண்டவரின் குரலாக இருக்க வேண்டியவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் திரை இடுக்கில் வாயை வைத்தேன். "வாங்கலைன்னா அடுத்த வண்டியில விழுப்புரத்துக்கே போயிடுங்க. இனிமே சனிக்கிழமை இங்க வரவேணாம். எதுன்னு உங்க இஷ்டம்."

பையை வாங்கிக்கொண்டார். நாடகம் ஒருவழியாக நகர்ந்து முடிந்தது.

வேஷம் கலைக்குமுன்பே அப்பா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? திரைக்குள்ளேருந்து ஒரு குரல் வந்தது. மறுக்க முடிஞ்சுதா? இதைத்தான் மறுக்க முடியாத கிருபைன்றோம்."

"அது கிருபையில்ல மாமா, உங்க பொண்ணு. ரெண்டு வழியைக் காட்டினா, நான் ஒண்ணை எடுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் அந்த முன்வரிசை அம்மாள் வந்து நின்றாள். சண்டை போடும் முகம் இல்லை. நிஜமாகவே கலங்கியிருந்தாள். "ஏங்க, இவரு வாங்காமலே இருந்திருந்தா உங்க சாமி தப்பிச்சிருக்குமா?"

அப்பா மருமகனைப் பார்த்தார். இவர் சோடா மூடிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலையேம்மா" என்றார் அப்பா கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்குச் சர்ச்சுக்கு வாம்மா. யோசிச்சுச் சொல்றேன்."

"நாளைக்கு முடியாதுங்க. அமாவாசைக்கு மலையனூரு அம்மன் கோயிலுக்குப் போறேன். அங்க ஆத்தாகிட்டயும் கேட்டுக்கினு வர்றேன். யாருக்கு முதல்ல தெரியுதோ அவங்க சொல்லிக்கலாம்."

புடவையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். ஊதாத் திரையைப் போர்த்தியபடியே அப்பா அவளுக்குக் கைகூப்பினார்.