சலூனுக்குப் போகாத வருஷங்கள்

சலூன் விலை கூடிப்போய்விட்டது என்று நான் சொல்லாத ஆளில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், பள்ளிவாசல் படியில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடமும் சொன்னேன். சொன்னதில் பொய்யும் இல்லை. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு எங்கள் பக்கம் நிவாரணம் கொடுக்க வந்த வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய வாகனங்களுமாக நிறைந்திருந்த காலம் அது. வீட்டு வாடகை ஏறியது, மேசன் கூலி ஏறியது, மீன் ஏறியது. சலூன்காரன் மட்டும் சும்மா இருப்பானா? கல்முனை மெயின் வீதியில் சுழலும் கதிரையும் ஏசியும் டீவியும் வந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைத்தாள் அடிக்கடி மாறியது. எண்ணெய் விலை ஏறியதென்று ஒருமுறை கூட்டினார்கள். வடக்கில் சண்டை என்று இன்னொருமுறை கூட்டினார்கள். வடக்கில் சண்டை நடந்தால் கல்முனையில் என் பிடரி மயிருக்கு ஏன் விலை ஏற வேண்டும் என்று கேட்டால் கேட்டவன்தான் விசரன்.

"நான் இனிச் சலூன் பக்கமே போறல்ல. எனக்குப் பொஞ்சாதி வெட்டுறா," என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என்னைப் பார்த்து இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டிலும் கத்தரிக்கோலைக் கொடுத்து, காது நுனியை இழந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு மச்சான் என்னைக் கண்டால் விடமாட்டான். "என்ன மச்சான், பொஞ்சாதிக்கு வெட்டுக்கூலி பாக்கி இரிக்காமே?" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

உண்மை என்னவென்றால், விலை ஏறாமல் இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குப் பயம். வளர்ந்த ஆம்பிளை, அம்பாறையில் அரசாங்க அலுவலகமொன்றில் லிகிதர், ஒரு பிள்ளைக்கு வாப்பா. சலூன் கதிரையில் இருப்பதற்குப் பயம்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சலூனில்தான் இருந்தேன். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. வெட்டுகிறவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் மனிதர். நான் சின்னப் பொடியனாக இருந்த காலம் தொட்டு என் தலை அவர் கையில்தான். பாதித் தலை முடிந்திருந்தது. கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றி, பின்னால் ஊசி குத்தியிருந்தார். வெளியில் சனம் ஓடும் சத்தம் கேட்டது. தமிழ்-முஸ்லிம் கலவரம் என்றுதான் இருவரும் நினைத்தோம். எங்கள் ஊரில் சனம் ஓடினால் முதலில் அதைத்தான் நினைப்போம். அவர் ஒரு நொடி என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார், நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். முஸ்லிம் ஊருக்குள் தமிழன், தமிழன் கத்திக்குக் கீழே முஸ்லிம். பிறகுதான் யாரோ "கடல் வருது" என்று கத்தினார்கள்.

ஓடினேன். துணியைக் கழற்ற நேரமில்லை. தண்ணீர் பின்னால் வந்து காலைத் தூக்கியது. ஒரு வளவின் முள்ளுக்கம்பி வேலியில் துணி மாட்டிக்கொண்டது. தண்ணீர் என்னை மேற்கே இழுக்க, துணி கழுத்தைக் கிழக்கே இழுத்தது. மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். கலிமாவைச் சொல்ல வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான் போனது. பின்னால் குத்தியிருந்த ஊசி எப்படியோ கழன்றதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். தலை வெட்டிய அந்த மனிதர் தப்பவில்லை. அவருடைய உடல் கிடைத்தது என்று பாண்டிருப்பிலிருந்து செய்தி வந்தது.

என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடித் தப்பியிருந்தாள். அதைப்பற்றி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. கதைக்காதபடியால் அவளுக்கு அந்தப் பயம் இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் நான் பாதி வெட்டிய தலையோடு திரிந்தேன், அந்தத் தலையோடு இறந்தவர்களின் ஜனாஸாக்கள் தூக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் அவள் எங்கேயோ ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்து, "இரிங்க, மத்தப் பக்கத்தையும் வெட்டி உடுறன்," என்றாள். அதுதான் அவள் எனக்கு வெட்டிய முதல் தலை.

பிறகு சலூன்கள் திறந்தன. ஒருமுறை போய்ப் பார்த்தேன். பொடியன் துணியை உதறிக் கழுத்தடியில் கொண்டு வந்ததும், மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுப் போடவில்லை என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். என்னிடம் மோட்டார் சைக்கிளே இல்லை. வீட்டுக்கு வந்து, "என்ன விலை சொல்றானுகள் தெரியுமா?" என்று சத்தம் போட்டேன். அவள் போய்த் தைக்கிற கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

அன்று தொடங்கி வளவில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கேற்றைத் திறந்து வைத்து, கேற்றைப் பார்த்தபடி இருப்பேன். சேர்ட்டைக் கழற்றிவிடுவேன். மயிர் முதுகெல்லாம் கொட்டிக் கடிக்கும். பரவாயில்லை. அவளுக்கு வெட்டத் தெரியாது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பிடரி, வரம்பு கட்டிய வயல் மாதிரிப் படிபடியாக இருக்கும். ஊரில் பெயர் கெட்டது அவளுக்குத்தான். புருஷனைச் சலூனுக்கு விடாத கஞ்சப்பிசினாரி என்றார்கள். என் அக்கா, ராத்தா, நேரேயே கேட்டுவிட்டாள். "ஓம் மச்சி, அந்தக் காசிக்கு ஊட்டுக்கு ஒரு சாமான் வாங்கலாமே," என்றாள் இவள், முகம் மாறாமல்.

யுத்தம் முடிந்த கிழமை அது. வளவில் எனக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சந்தியில் படபடவென்று வெடித்தது. யுத்தம் முடிந்துவிட்டதென்று பட்டாசு கொளுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் துள்ள, அவள் கை துள்ள, பிடரியில் ஒரு பிடி மயிர் தோலோடு போய்விட்டது. அதைச் சமப்படுத்த இந்தப் பக்கம் கொஞ்சம், அதைச் சமப்படுத்த அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டி, கடைசியில் என் தலை ஒட்ட நறுக்கிக் குதறிய தலையாகிவிட்டது. சண்டைக்குப் பிடித்துச் சேர்த்த பிள்ளைகளுக்கு இயக்கம் காட்டிலே வைத்து நறுக்கிவிட்ட தலை மாதிரி இருந்தது. அப்போது அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. சோதனைச் சாவடியில் நின்றவனுக்கு வந்தது.

வடக்கிலிருந்து தப்பி வந்த இயக்கக்காரர்கள் சனத்தோடு சனமாகக் கலந்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்த நேரம். அடுத்து வேலைக்குப் போன காலையில், காரைதீவுச் சந்திக்குக் கிட்ட பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். நான் என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அந்த ராணுவப் பொடியனுக்கு என் தம்பி வயதுகூட இருக்காது. அட்டையைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான். படத்தில் எனக்கு எண்ணெய் வைத்துப் பக்கவகிடு எடுத்த அடர்ந்த முடி. "அந்தப் பக்கம் போய் நில்," என்றான் சிங்களத்தில்.

அந்தப் பக்கம் கண்ணாடி கறுத்த ஒரு வேன் நின்றது. உள்ளே முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருந்தான். அவனை நாங்கள் தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் அவ்வளவுதான். அவன் தலையாட்டிக் காட்டியவன் வீட்டுக்கு வரமாட்டான். சாக்கில் இருந்த இரண்டு ஓட்டைகளும் என் மேல் நின்றன. நான் முஸ்லிம், எனக்கு எந்த இயக்கமும் இல்லை, நான் லிகிதர் என்று மனதுக்குள் ஓதுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டேன். அந்தத் தலை ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஒரு அதிகாரி வந்தார். யார் தலை வெட்டியது என்று கேட்டார். மனைவி என்றேன். கல்முனையில் சலூன் இல்லையா என்றார். விலை கூட, சேர், என்றேன். வாயில் வந்தது அதுதான். பழகிப்போன பொய் உயிர் போகிற நேரத்திலும் சரளமாக வருகிறது. அவர் சிரிக்கவில்லை. அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சலூனுக்குப் போய் மனிதத் தலையாக வெட்டிக்கொண்டு வா. எங்கள் ஆட்கள் பின்னேரம் மாறுவார்கள். அதற்குமுன் வந்தால் இங்கே எடுக்கலாம். பிந்தினால் முகாமுக்கு வந்து எடு," என்றார்.

ராணுவ முகாமுக்குப் போய் அட்டை எடுத்தவர்கள் இருக்கிறார்கள்தான். போய்த் திரும்பாதவர்களின் வீடுகளும் எங்களுக்குத் தெரியும். அட்டை இல்லாமல் சந்திக்குச் சந்தி மறிக்கிற அந்த நாட்களில் மீன் வாங்கக்கூடப் போக ஏலாது. நான் வீட்டுக்கு வந்து வாசற்படியில் இருந்தேன். வேனுக்கு முன்னால் நின்றதைவிட இப்போதுதான் கூடப் பயமாக இருந்தது. சலூனுக்குப் போகாவிட்டால் முகாம். போனால் அந்தக் கதிரை, அந்தத் துணி.

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது. பிறகு உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்க. நானும் வாறன்."

"சலூனுக்கா? பொம்பளைக்கு என்ன வேலை அங்க?"

"உள்ளுக்க வரமாட்டன். றோட்டுல நிக்கிறன். நீங்க உள்ளுக்க இரிங்க, நான் கடலப் பாத்துக்கொள்றன். வந்தாக் கூப்பிடுவன்தானே."

படியிலிருந்து எழும்பினேன். "உனக்கு எப்ப இரிந்து தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல முதல் முதல் வெட்டக்குள்ளயே. கழுத்துல ஒரு துணி போட உட்டீங்களா நீங்க?"

"மறுகா ஏன் காசி காசியெண்டு நீயும் சொல்லித் திரிஞ்சாய்?"

"பயமெண்டு தெரிஞ்சா ஊரு சிரிக்கும். காசியெண்டா ஆரும் துருவிக் கேக்கமாட்டாங்க," என்றாள். "கெதியா வாங்க. நேரம் போகுது."

அந்தச் சலூன் மெயின் வீதியின் மேற்குப் பக்கம் இருந்தது. எதிரே ஒரு ஒழுங்கை நேராகக் கடலுக்குப் போகிறது. கதிரையில் இருந்தால் முதுகு கடலுக்கு. ஆனால் கண்ணாடியில் கதவும் வீதியும் அந்த ஒழுங்கையின் வாயும் தெரிந்தன. அங்கே அவள் போய் நின்றாள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது அவளுடைய தலையும் முதுகும்தான். கடலைப் பார்த்தபடி நின்றாள்.

துணி வந்தது. கழுத்தில் பட்டதும் எழும்பப் பார்த்தேன். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுடைய முதுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. சரி, இன்னும் வரவில்லை. கத்தரிக்கோல் சத்தம் காதடியில் கேட்கும்போதெல்லாம் அவளைப் பார்த்தேன். ஒரு லொறி குறுக்கே வந்து நின்று அவளை மறைத்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. "காக்கா, தலைய ஆட்டாதீங்க," என்றான் வெட்டுகிற பொடியன். லொறி போனது. அவள் அதே இடத்தில் நின்றாள்.

பெஞ்சில் காத்திருந்த ஒருவன் அவளைக் கண்டுவிட்டான். "என்ன காக்கா, மிச்சக் காசி எண்ணி வாங்கவா ஊட்டுக்கார ராத்தா வந்து நிக்கிறாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். சலூனே சிரித்தது. கதவு திறந்துதான் இருந்தது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே, "ஓம் தம்பி. மிச்சத்தச் சரியாக் குடுத்துடுங்க," என்றாள் உரத்த குரலில். இன்னும் கூடச் சிரித்தார்கள். அழுகை வந்துவிடும் போலிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். கடல் வந்த நாளுக்குப் பிறகு ஒரு சலூன் கதிரையில் நான் கண்ணை மூடியது அப்போதுதான். உடனே திறந்தும்விட்டேன்.

தலையைச் சரியாகவே வெட்டியிருந்தான். அன்று பின்னேரம் அட்டையும் கிடைத்தது. அந்த அதிகாரி என் தலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையில் தந்துவிட்டுப் போகச் சொன்னார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. காசைக் கொடுத்துவிட்டு வீதியைக் கடந்து அவளிடம் போனேன். உச்சி வெயில். தார் வீதி இளகிப்போய் என் செருப்பில் ஒட்டியது. பக்கத்தில் போன பிறகுதான் கண்டேன், அவள் வெறுங்காலோடு நின்றாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

"என்னத்துக்குப் புள்ள செருப்பக் கழட்டி வெச்சிரிக்காய்?"

"ஓடுறதெண்டாத் தடுக்கும்," என்றாள். அப்போதும் கடலைத்தான் பார்த்தாள். "வெட்டி முடிஞ்சா?"

"முடிஞ்சி."

"துணியக் கழட்டிட்டானா?"

"கழட்டிட்டான்."

அதற்குப் பிறகுதான் திரும்பினாள். செருப்பைக் கீழே போட்டாள். கால்கள் வெந்து சிவந்திருந்தன. செருப்புக்குள் நுழைக்க முடியவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நடு ஊரில், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்தாள். நுழைத்த பிறகும் ஒருமுறை திரும்பிக் கடலைப் பார்த்தாள்.